மேற்கு வெயில் சுவரோரம் டெய்சி போன்ற பூக்கள் ஆண்டுதோறும் பூக்குமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். சேலம் அழகாபுரத்தில் மேற்குப் பார்த்த வீடு. முன்சுவரின் அடியில் 25 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு பாத்தி. காலை 11 மணிக்கு வரும் வெயில் மாலை வரை போவதில்லை. தென் கோடியில் மட்டும் 2 மணிக்கு மேல் வேப்பமரத்து நிழல். போன மே மாதம் ஏற்காடு மலர்க் காட்சியில் நடுவே மஞ்சளும் சுற்றிலும் வெள்ளையுமாக ஒரு பூவைப் பார்த்து, மலை இறங்கும்போது 12 செடி வாங்கி வந்து நட்டீர்கள். ஆனி முடிவதற்குள் அத்தனையும் போய்விட்டன. ஒரு தடவை நட்டால் வருடா வருடம் பூக்கிற, அதிகம் கவனிக்கத் தேவையில்லாத, அதே சாயல் பூக்கள் எவை என்கிறீர்கள். ஏற்காடு மலைமேல் நாகலூரில் இருக்கும் அம்மா வீட்டில் நட்டால் வருமா என்பது அடுத்த கேள்வி. இவற்றுக்கு நடுவில் நீங்கள் எழுதாத ஒரு கேள்வியும் இருக்கிறது: செடிகள் செத்தது என் தவறா?

இல்லை. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டக்கலையில் பட்டயம் படித்துவிட்டு 11 ஆண்டு ஏற்காட்டில் ஒரு நாற்றங்காலில் வேலை பார்த்தேன். அதன்பின் சேலத்தில் வீட்டுத் தோட்டங்கள் போட்டுக் கொடுக்கிறேன். உங்களைப் போல மேலேயிருந்து அந்த வெள்ளைப் பூவைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள் ஏராளம். நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது அநேகமாக ஷாஸ்டா டெய்சி. கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் என்பவர் நான்கு வகைச் செடிகளைக் கலந்து பல ஆண்டு பாடுபட்டு 1901-இல் வெளியிட்ட கலப்பினம் அது. ஷாஸ்டா என்பது அங்குள்ள ஒரு பனிமலையின் பெயர். அந்தச் செடிக்கு இரண்டு விஷயங்கள் உடம்பிலேயே ஊறியிருக்கின்றன. ஒன்று, குளிர்காலத்தில் சில வாரங்கள் நல்ல குளிர். இன்னொன்று, கோடையில் நீண்ட பகல். பர்பாங்க் இருந்த ஊரில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 15 மணி நேரம். சேலத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே சுமார் பன்னிரண்டே முக்கால் மணிதான். ஆக, உங்கள் சுவரோரத்தில் அது பிழைத்திருந்தாலும் அடுத்த வருடம் பூத்திருக்குமா என்பது சந்தேகமே. சாகடித்தது வெறும் வெயில் என்றும் நான் நினைக்கவில்லை. சேலத்தின் சூடான இரவும், வேரடியில் தேங்கிய ஈரமும் சேர்ந்தால் ஷாஸ்டாவின் அடித்தண்டு அழுகிவிடும். செடி வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் விடுவோம். அது இன்னும் சீக்கிரம் போகும். யாருமே அப்படித்தான் செய்வார்கள்.

இங்கே ஒரு சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களில் ‘பல்லாண்டுச் செடி’ என்றால், பனிக்காலத்தில் மண்ணோடு மண்ணாக அடங்கி ஓய்வெடுத்து, வசந்தத்தில் தானாக முளைத்து வருவது. அந்த ஓய்வை அங்கே குளிர் கொடுக்கிறது. நம் ஊரில் அது கிடையாது. சேலத்தில் செடி பன்னிரண்டு மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கும், நடுத்தண்டு கட்டையாகும், வேர் ஒன்றோடொன்று நெருக்கும், இரண்டாம் வருடத்தில் பூ சிறுக்கும், மூன்றாம் வருடத்தில் செடி கிழடாகிவிடும். குளிர் செய்யும் வேலையை இங்கே கத்தரியும் கடப்பாரையும் செய்ய வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை வெட்டி, பிரித்து, இளம் பகுதியை மறுபடி நட்டால் அதே செடி பத்து ஆண்டும் உங்களோடு இருக்கும். இந்த ஒரு நாள் வேலையை ஒப்புக்கொண்டால் மீதி நாட்களில் கவலை குறைவு. ‘நட்டுவிட்டு மறந்துவிடலாம்’ என்று யாராவது சொல்லி விற்றால், அது நம் சமவெளிக்குப் பொருந்தாது.

செடிக்கு முன்னால் மண். உங்கள் மண்ணை நான் பார்த்ததில்லை, ஆனால் சேலத்தைத் தெரியும். மாமாங்கம், கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் வெட்டும் ஊர் இது. ஊருக்குள்ளும் பல இடங்களில் மண்ணில் சுண்ணாம்புத்தன்மை அதிகம், போர்த் தண்ணீரும் உப்பு. போதாததற்கு, வீட்டுச் சுவரோரம் என்றால் கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமெண்ட், கலவை, செங்கல் துண்டு எல்லாம் அங்கேதான் புதைந்திருக்கும். ஒரு அடி தோண்டிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும். அதைப் பொறுக்கி வெளியே போட்டுவிடுங்கள். பிறகு அந்தக் குழியில் தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை நிரப்பிய தண்ணீர் மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் நல்லது. மறுநாள் காலைவரை நின்றால் எந்தச் செடி நட்டாலும் புரட்டாசி, ஐப்பசி மழையில் அழுகும். அப்போது பாத்தியை முக்கால் அடி உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. நான் போடுவது இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், ஒரு பங்கு பருமணல். தென்னை நார்க்கழிவு இப்போது எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது, எல்லோரும் அள்ளிப் போடுகிறார்கள். இந்த வகைச் செடிகளுக்கு அது மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கெடுதல்தான் செய்யும், அதனால் நான் சேர்ப்பதில்லை. இன்னொன்று, செடிகளைச் சுவரோடு ஒட்டி நடாதீர்கள். மேற்குச் சுவர் பிற்பகல் முழுக்கச் சூட்டை வாங்கி இரவு முழுக்க வெளியே விடும். குறைந்தது ஒன்றரை அடி தள்ளி நடுங்கள்.

இனி செடிகள். உங்கள் பாத்திக்கு நான் முழு நம்பிக்கையோடு சொல்வது கெயிலார்டியா. வட அமெரிக்காவின் வறண்ட புல்வெளிகளிலிருந்து வந்தது. சிவப்பு வட்டத்துக்கு மஞ்சள் விளிம்பு வைத்த மாதிரி இதழ்கள், நடுவில் அரக்கு நிறக் குமிழ். சேலத்துச் சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் தலைதொங்கி நிற்கும்போது இது மட்டும் நிமிர்ந்து பூக்கும். கொழுத்த மண்ணும் நிறைய உரமும் கொடுத்தால் இலைதான் வரும், பூ குறையும். இதற்குச் சத்துக் குறைந்த மண்ணே பிடிக்கும். விதைக்கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று ஓராண்டுச் செடி. மற்றது பெரிய பூ வைக்கும் கலப்பினம், அதுதான் பல்லாண்டு என்று எழுதியிருக்கும். அந்தப் பல்லாண்டும் தன் சொந்த தேசத்திலேயே இரண்டு மூன்று வருடம்தான் வாழும். ஆனாலும் கவலை வேண்டாம். வாடின பூக்களைக் கிள்ளிக்கொண்டே வந்தால் மாதக்கணக்கில் பூக்கும். கடைசியாக வரும் பத்துப் பதினைந்து பூவை மட்டும் காய விட்டுவிட்டால் விதை தானாகக் கொட்டி, முதல் மழைக்கு அதே இடத்தில் முளைக்கும். தாய்ச்செடி போனாலும் இடம் காலியாகாது. விதையை ஆடியில் தட்டில் போடுங்கள், மேலே மண்ணை லேசாகத் தூவினால் போதும். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும், ஆழப் புதைக்கக் கூடாது. ஆவணிக் கடைசியில் ஒரு அடி இடைவெளியில் எடுத்து நடலாம்.

அடுத்தது நம் சாமந்தி. இதைச் சொன்னதும் பலருக்கு முகம் சுருங்கும். மாலையில் கட்டுகிற பூவைத் தோட்டத்தில் வைப்பதா என்பார்கள். ஆனால் கடையில் எடைபோட்டு விற்கும் அடுக்குச் சாமந்தி மட்டும் சாமந்தி இல்லை. ஒற்றை அடுக்குச் சாமந்தி என்று கேட்டு வாங்குங்கள். நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றி ஒரே வரிசை இதழ், வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கிடைக்கும். நீங்கள் ஏற்காட்டில் பார்த்து ஆசைப்பட்ட பூவுக்குத் தங்கை மாதிரி இருக்கும். முக்கியமான விஷயம், இதன் கணக்கு ஷாஸ்டாவுக்கு நேர்மாறு. பகல் குறையும்போதுதான் மொட்டு வைக்கும். நம் ஊர்ப் பகல் ஐப்பசி, கார்த்திகையில் சுருங்குவதே அதற்குப் போதும். மார்கழியிலும் தையிலும் பாத்தி நிறையப் பூக்கும். தருமபுரி, சேலம் மாவட்டங்களில் சாமந்தி வயல் வயலாகப் பயிராவதே இந்த மண்ணும் பருவமும் அதற்கு ஒத்துவருவதால்தான்.

சாமந்தியின் ஆண்டுச் சுழற்சியைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் வேறு எதுவும் கற்க வேண்டாம். பொங்கல் கழிந்து பூ ஓய்ந்ததும் செடியைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரம் விட்டு வெட்டிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் அடியைச் சுற்றிப் பக்கக் கன்றுகள் கிளம்பும். இந்த இளம் கன்றுகள்தான் அடுத்த வருடத்துச் செடி. தாயை இனி நம்பாதீர்கள். வேரோடு கன்றுகளைப் பிரித்துச் சிறு தொட்டிகளில் வைத்து, பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் வேப்பமரத்து நிழலில் வைத்திருங்கள். உங்கள் மேற்குச் சுவர் வெயிலில் அந்தக் கன்றுகள் தாங்காது. வைகாசி மழை ஒன்றிரண்டு பெய்து சூடு தணிந்ததும் பாத்தியில் ஒரு அடிக்கு ஒன்றாக நடுங்கள். நட்ட நான்காவது வாரம் நுனிக் கொழுந்தைக் கிள்ளுங்கள், கிளைத்த பிறகு இன்னொரு தடவை. ஆவணி பாதிக்கு மேல் கிள்ளவே கூடாது. கிள்ளினால் மொட்டோடு போய்விடும். கிள்ளாமல் விட்டால் இரண்டடி உயரத்துக்கு ஒல்லியாக ஓடி, மழையில் சாய்ந்து, நுனியில் நான்கு பூ வைக்கும். கிள்ளினால் குடை மாதிரி படர்ந்து நூறு பூ வைக்கும்.

ஜெர்பராவைப் பற்றியும் கேட்பீர்கள், அதுவும் இதே சாயல்தான். கல்யாண மேடைகளில் பார்க்கும் பெரிய ஜெர்பரா பசுமைக்குடில் ரகம், அதை வெளியில் நடாதீர்கள். பழைய வீடுகளில் கிணற்றடியில் இருக்குமே, மெல்லிய இதழோடு நீளக் காம்பில் ஆடும் நாட்டு ஜெர்பரா, அது உழைக்கும் செடி. ஆனால் உங்கள் பாத்தி முழுக்க வேண்டாம். வேம்பு நிழல் விழும் தென் கோடியில் நாலு அடிக்கு மட்டும் வையுங்கள். நடும்போது குருத்து, அதாவது இலைகள் எல்லாம் கிளம்பும் அந்த நடுப்பகுதி, மண்மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே இருக்க வேண்டும். சேலத்தில் நான் போட்டுக் கொடுத்த முதல் தோட்டங்களில் ஒன்றில் 60 ஜெர்பராவை நட்டேன். நட்ட வேகத்தில் மண்ணை நன்றாக அணைத்து மூடிவிட்டேன். மழை ஆரம்பித்து மூன்று வாரத்தில் குருத்தில் மண் சேர்ந்து 40-க்கு மேல் அழுகிவிட்டது. அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு குருத்தையும் விரலால் தடவிப் பார்க்காமல் எழுந்ததில்லை. ஜெர்பராவுக்குச் சுண்ணாம்பு மண் பிடிக்காது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியவில்லை என்று பொருள். நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும் அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம், அதோடு அரை எலுமிச்சம்பழச் சாறு கலந்து, மாலையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. சுவரில் பட்டால் துருக்கறை போகாது, அட்டை பிடித்துக்கொண்டு தெளியுங்கள்.

பாத்தியின் முன் விளிம்புக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணியை நான் விரும்பி வைப்பேன். கீரையாகத் தெரிந்த இதைப் பூச்செடியாக யாரும் பார்ப்பதில்லை. ஆனால் காசு அளவு மஞ்சள் பூ, தரையோடு படரும், வருடம் முழுக்க இருக்கும், கொஞ்சம் ஈரம் மட்டும் கேட்கும். பறித்தால் சமையலுக்கும் ஆகும். இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கையும். நாற்றங்கால்களில் வெடெலியா என்ற பெயரில், மூன்று மடல் இலையோடு, இதே மாதிரி மஞ்சள் பூ வைக்கும் ஒரு தரைப்படர் செடி மலிவாகக் கிடைக்கும். பராமரிப்பே வேண்டாம் என்று சொல்வார்கள், உண்மைதான். தண்டு தொட்ட இடமெல்லாம் வேர் விட்டுப் பக்கத்து மனைக்கும் சாக்கடைக்கும் போய்விடும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருக்கும் செடி அது. சேலத்தில் வேண்டாம், ஏற்காட்டில் கனவிலும் வேண்டாம். காட்டோரத்தில் ஒரு துண்டு விழுந்தால் போதும்.

ருட்பெக்கியா, எக்கினேசியா, கோரியாப்சிஸ், கசேனியா என்று இணையத்தில் ஒரே பட்டியல் திரும்பத் திரும்ப வரும். ருட்பெக்கியாவிலும் கோரியாப்சிஸிலும் பல ரகங்கள் நீண்ட பகலுக்குக் காத்திருப்பவை. நான் வைத்துப் பார்த்தவற்றில் சில இலைக்கொத்தாகவே ஒரு வருடம் உட்கார்ந்திருந்தன, சில பூத்தன. எந்த ரகம் பூக்கும் என்று விதை உறையைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. ஆசை இருந்தால் இரண்டு செடி வைத்துப் பாருங்கள், 25 அடிக்கும் வேண்டாம். கசேனியாவுக்கு வெயிலும் வறட்சியும் பொருட்டே இல்லை. மேகம் மூடினால் பூ சுருண்டுகொள்ளும். கார்த்திகை முதல் சித்திரை வரை அழகாக இருக்கும். புரட்டாசி மழையை அது தாண்டியதை என் பாத்திகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. மேடான தொட்டியில் தாண்டலாம்.

தண்ணீர் விஷயம் சுருக்கமானது. தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, கோடையில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை காலையில் வேருக்கு நன்றாக இறங்கும்படி விடுங்கள். சாமந்தி இலை இரவில் ஈரமாக இருந்தால் அடியிலிருந்து கருகிக்கொண்டே வரும். அசுவினிப் பூச்சி வந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் போதும். பார்த்தீனியச் செடி பட்டாலே தோல் அரிக்கும் என்பவர் வீட்டில் இருந்தால் அவரைச் சாமந்தி கிள்ள விடாதீர்கள், இல்லாவிட்டால் கையுறை போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாது.

நாகலூர் வேறு உலகம். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர் அளவில். அந்த 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடுகிறது. மண் காப்பிக்கு ஏற்ற அமில மண். அம்மா வீட்டில் ஷாஸ்டா பிழைக்கும் என்று தைரியமாகச் சொல்வேன். பூக்கவும் செய்யும், ஆனால் குளிரும் பகல் நீளமும் முழுதாகக் கிடைக்காததால் ஒரு வருடம் போல் ஒரு வருடம் இருக்காது. மலர்க் காட்சியில் நீங்கள் பார்த்தது பூக்கும் பக்குவத்தில் தேர்ந்தெடுத்து அடுக்கிய தொட்டிகள். வீட்டுப் பாத்தியை அதோடு ஒப்பிட வேண்டாம். மழை ஓய்ந்த கார்த்திகையில் புதரைத் தோண்டி, நடுக்கட்டையை எறிந்துவிட்டு, ஓரத்து இளம் துண்டுகளை மட்டும் நடச் சொல்லுங்கள். மேலே அதைவிட உறுதியாக வருவது யூரியாப்ஸ். சாம்பல் பச்சை இலை, மஞ்சள் டெய்சிப் பூ, இடுப்பு உயரப் புதர், பூத்து முடித்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் போதும். ஒற்றை அடுக்கு டேலியாவும் கிழங்கிலிருந்து ஒவ்வொரு வருடமும் வரும்.

நீங்கள் எழுதாத ஒன்று தெரிய வேண்டும். வீட்டு முன்னால் தெருவிளக்கு இருக்கிறதா? இருந்தால் அதன் வெளிச்சம் பாத்தியில் எங்கே விழுகிறது? இரவில் விளக்கு பட்டால் சாமந்திக்குப் பகல் நீளம் என்று தோன்றி மொட்டு வைக்கத் தாமதிக்கும், சில சமயம் வைக்கவே வைக்காது. ஒரு நாள் இரவு 9 மணிக்கு வெளியே போய், செய்தித்தாள் எழுத்து தெரிகிற அளவுக்கு வெளிச்சம் விழும் இடங்களில் குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களுக்குக் கெயிலார்டியா, இருட்டான பகுதிக்குச் சாமந்தி. எத்தனை அடி எப்படி விழுகிறது என்று எழுதினால், எத்தனை கன்று வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.